"எங்க கிளம்பிட்ட?": தருமபுரி, கிருஷ்ணகிரியில் பொழுதுபோக்கு வழியாக நட்பும் காதலும் தேடும் குயர் மக்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் செருப்பை மாட்டும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "எங்க கிளம்பிட்ட? யாரோட?" பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்த எனக்கு இருபத்தாறு வயதுவரை இந்தக் கேள்விக்குப் பொய்தான் பதில். கம்பெனி வேலை, நண்பன் வீட்டு விசேஷம், பைக் சர்வீஸ் என்று ஏதோ ஒன்று. பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் டேட்டிங் ஆப்பில் கிடைத்த, முழு முகத்தையும் காட்டாதவர்கள். இருட்டிய பிறகு, ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்துச் சந்திப்போம். பயத்தோடு போவேன், பயத்தோடு திரும்புவேன். அங்கே காதல் முளைக்கவில்லை, முளைக்க நேரமும் இருந்ததில்லை.

ஒரு டிசம்பர் மாதம் கிருஷ்ணகிரி பக்கத்துக் கே.ஆர்.பி. அணைக்குப் பறவை பார்க்கப் போனேன். அம்மா வழக்கம்போலக் கேட்டார். "அணைக்குப் போறேன்மா, வாத்து பாக்க" என்றேன். அம்மா சிரித்தார், ஆனால் நம்பினார், ஏனென்றால் அது உண்மை. உண்மையைச் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டும்போது உடம்பு எவ்வளவு லேசாக இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வாத்துகளின் வழியாகத்தான் எனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள், பிறகு என் துணைவரும் கிடைத்தார். சென்னையிலோ பெங்களூரிலோ தனி அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியாது. நம் இரண்டு மாவட்டங்களிலும் வீட்டோடு வாழ்கிற குயர் ஒருவருக்குப் பொழுதுபோக்கு முதலில் தருவது, இந்தக் கேள்விக்குச் சொல்ல ஒரு மெய்யான பதில். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வருகிறது.

பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்காக எழுதுகிறேன். ஆண்-பெண் ஈர்ப்பு, பிறப்பில் குறித்த பாலினம் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்களைக் குயர் என்கிறோம், தமிழில் அதற்குப் 'பால்புதுமையினர்' என்ற சொல் இருக்கிறது. நான் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

முதல் படி: எதைத் தேர்ந்தெடுப்பது

எதை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடியுமா? பகலில், பொது இடத்தில் நடக்கிறதா? நடுவில் பேச இடம் இருக்கிறதா? ஜிம் முதல் இரண்டில் தேறும், மூன்றாவதில் தோற்கும். காதில் இயர்போன் மாட்டியவரிடம் என்ன பேசுவது? சினிமா பார்ப்பது பேச்சுக்கு நல்ல பொருள்தான், ஆனால் தியேட்டரில் அடுத்த வாரம் அதே ஆள் பக்கத்தில் உட்கார மாட்டார். கிரிக்கெட் டீம் மூன்றிலும் தேறும். இருந்தாலும் அங்கே ஓடும் கேலிப் பேச்சில் பாதி நம்மைப் பற்றியதாகவே இருக்கும். தாங்க முடிந்தால் ஆடுங்கள்.

நான்காவது கேள்வியும் உண்டு, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான். யாருமே கிடைக்காவிட்டாலும் இதைச் செய்வீர்களா? ஆள் பிடிக்க மட்டும் வருகிறவரை ஒரு குழு மூன்றாவது வாரமே அடையாளம் கண்டுகொள்ளும். அதைவிட, நீங்களே சலித்துப்போய் நின்றுவிடுவீர்கள். எனக்குப் பறவை உண்மையிலேயே பிடித்துப்போனது. அதனால்தான் யாரையும் சந்திக்காத முதல் ஐந்து மாதங்களைத் தாண்ட முடிந்தது.

இரண்டாம் படி: நம் ஊரில் இருப்பது என்னென்ன

பறவையிலிருந்தே தொடங்குகிறேன். செலவு குறைவு. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சாதாரண பைனாகுலர் ஒன்று போதும், அதுவும் முதல் நாளே வேண்டியதில்லை. போனில் ஈபேர்ட், மெர்லின் என்ற இரண்டு இலவச ஆப்களை ஏற்றிக்கொள்ளுங்கள். முதலாவது பார்த்ததைப் பதிவு செய்ய, இரண்டாவது குரலை வைத்துப் பறவையைக் கண்டுபிடிக்க. ஓசூரில் இருப்பவர்களுக்கு ராமநாயக்கன் ஏரியும் கெலவரப்பள்ளி அணையும் இருக்கின்றன. கிருஷ்ணகிரிக்கு கே.ஆர்.பி. அணையும் பாரூர் ஏரியும், தருமபுரிக்கு நகரத்தை ஒட்டியே ராமக்காள் ஏரி. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் காலம், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் நல்ல நேரம். புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை இந்த மூன்றையும் முதல் மாதத்தில் பிரித்தறியப் பழகினால் போதும். கொஞ்சம் கை தேர்ந்த பிறகு பாறைக் குன்றுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடிப் போகலாம். தென்னிந்தியப் பாறைக் காடுகளுக்கே உரிய பறவை அது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்க்க நம் பக்கம் வருகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். யாரும் சேரலாம், பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணிப் பதிவிட்டாலே கணக்கில் சேரும். புதியவர் ஒரு கூட்டத்தோடு சேர இதைவிட எளிய வாசல் எனக்குத் தெரியவில்லை. எண்ணும்போது ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். "எனக்குத் தெரியலையே, எந்தக் கிளை?" என்று கேட்டால் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டிக் காட்டுவார்கள். ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடிப்பீர்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஒருவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நிற்க முடிகிற இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன். வாயைத் திறக்காமலே பழக்கம் வளரும்.

அடுத்தது நடுகல். நடுகற்கள் நிறைந்த மண் இது. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதி இறந்தவர், ஊரைக் காக்கப் புலியைக் குத்திச் செத்தவர் என்று வட்டெழுத்திலும் தமிழிலும் எழுதி நட்ட கற்கள் புளியமரத்தடியிலும் கொல்லை வரப்பிலும் நிற்கின்றன. பல ஊர்களில் அவற்றையே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் ஒரு வரிசையையே வைத்திருக்கிறார்கள், அங்கே தொடங்குங்கள். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறை ஓவியங்கள், மயிலாடும்பாறையில் தொல்லியல் அகழாய்வு நடந்த இடம். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். ஊர் ஊராகப் போய்க் கல் தேடுகிற ஆசிரியர்களும், ஓய்வுபெற்றவர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். எழுத்து தெரியவில்லை என்று கல்லில் சுண்ணாம்போ பவுடரோ பூசாதீர்கள். காலையிலும் சாயங்காலத்திலும் சாய்வெயில் விழும்போது எழுத்து தானே எழுந்து தெரியும். அந்த வெயிலுக்காகக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில்தான் நல்ல பேச்சு நடக்கும்.

கூத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். சின்ன வயதில் பாட்டி மடியில் படுத்துக்கொண்டு ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடுவதைப் பார்த்தேன். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. அர்ச்சுனன் பிருகந்நளையாக வந்த இரவு எனக்குள் என்ன நடந்தது என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் கூத்துக் களத்தில் நான் சந்தித்த நம்மவர்கள் அதிகம். திருநங்கைகளும் வருவார்கள், ஊர் அவர்களுக்குப் பாய் விரித்து இடம் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பெண் வேடம் கட்டுகிறவர் எல்லாரும் குயர் இல்லை. அது அவர்கள் தலைமுறையாகக் காத்த கலை, வயிற்றுப்பாடு. மேக்கப் போடும் இடத்துக்குப் போய் வழிந்து பேசுவது அவமானப்படுத்துவதற்குச் சமம். அடவு கற்றுக்கொள்ளவோ, ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, கூடமாட ஒத்தாசை செய்யவோ மனம் இருந்தால் போங்கள். ஒரு சீசன் முழுக்கப் பெட்டி தூக்கினால் அந்த ஜமா உங்களைத் தன் ஆளாக நினைக்கும்.

பெண்களுக்கு விடிகாலையில் அணைக்குப் போவதும் விடிய விடியக் கூத்துப் பார்ப்பதும் அவ்வளவு எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். காவேரிப்பட்டினத்துத் தோழி ஒருவர் இதை எழுதச் சொன்னார்: ஆரி வகுப்பு. கல்யாண ப்ளவுஸுக்கு ஆரி வேலை செய்யக் கற்றுத்தரும் வகுப்புகள் இப்போது சின்ன ஊர்களிலும் இருக்கின்றன. மாதக்கணக்கில் ஒரே சட்டத்துக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஊசி பிடிக்க வேண்டும். கண் துணியில் இருப்பதால் வாய் தாராளமாகப் பேசும். தோழி தன் துணைவியை அங்கேதான் கண்டுகொண்டார். இன்றைக்கு இருவரும் சேர்ந்து ஆர்டர் எடுக்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் ராத்திரி ஒருவர் வீட்டிலேயே மற்றவர் தங்கி வேலை செய்தாலும் யாரும் கேட்பதில்லை. "சம்பாதிக்கிற பொண்ணு எங்க போறான்னு கேக்கறதுக்கு எங்க வீட்ல ஆள் கொறஞ்சிட்டாங்க" என்றார். மாடித்தோட்டம், விதை மாற்றிக்கொள்வது, தையல், கோலம் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதை ஊர் இயல்பாகவே எடுத்துக்கொள்ளும்.

ஓட்டமும் சைக்கிளும் ஓசூருக்குப் பொருத்தம். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை நெருங்கும் உயரம், காலைக் குளிர், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள். மாவட்ட மைய நூலகமும் புத்தகத் திருவிழாக்களும் தருமபுரிக்கு நல்லவை. பத்து நாள் விழாவில் ஒரே ஸ்டாலில் மூன்று முறை எதிர்ப்பட்டவரிடம் "நீங்க என்ன வாங்கினீங்க?" என்று கேட்பதற்குத் தைரியம் ஒன்றும் தேவையில்லை.

மூன்றாம் படி: முதல் மூன்று மாதம் கற்றுக்கொள்ள மட்டும்

எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதல் மூன்று மாதம் யாரையும் தேடாதீர்கள். நேரத்துக்குப் போங்கள், தண்ணீர் பாட்டில் கூடுதலாக ஒன்று எடுத்துப் போங்கள், புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்த மாதங்களில் நீங்கள் அவர்களைப் பார்க்கிறீர்கள். யார் டீக்கடைப் பையனை மரியாதையாகப் பேசுகிறார், யார் குழுவில் ஒரு பெண் தவறாக ஒரு பறவையைச் சொன்னால் சிரிக்கிறார், யார் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறார். டேட்டிங் ஆப்பில் நூறு மெசேஜில் தெரியாதது ஏரிக்கரையில் நாலு ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்துவிடும்.

ஒருவரின் நடை, பேச்சு, உடையை வைத்து "இவர் நம்மாளா இருக்கும்" என்று இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். நம் ஊரில் ஒரு சந்தேகம் பேருந்தைவிட வேகமாகப் போகும். அது ஒருவருடைய வேலையை, கல்லூரியை, சில நேரம் உயிரையே எடுத்துவிடும்.

நான்காம் படி: ஒரு சோதனைப் பேச்சு

உங்களைப் பற்றிச் சொல்லும் முன் ஒரு செய்தியைச் சொல்லிப் பாருங்கள். நான் பயன்படுத்தியது நீதிமன்றச் செய்திகளை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவிலிருந்து வயதுவந்தவர்களின் மனமொத்த உறவை விடுவித்தது. 2021இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து வந்த இரு பெண்களின் வழக்கில், தனக்கு இதைப் பற்றிப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு உத்தரவு எழுதினார். 2025 மே மாதம் அதே நீதிமன்றம், வேலூர் மாவட்டக் காவல்துறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், வீட்டார் பிடித்துவைத்திருந்த பெண்ணை விடுவித்து, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது.

இதில் ஒன்றை டீக்கடையில் "பேப்பர்ல பாத்தீங்களா?" என்று போட்டுவிட்டு டீயைக் குடியுங்கள். முகம் சுளிப்பவர், கேலி செய்பவர், "அவங்கவங்க வாழ்க்கை" என்பவர், சட்டென்று அமைதியாகிக் கண்ணாடி டம்ளரையே பார்ப்பவர். அமைதியானவரை அவசரப்படுத்த வேண்டாம். அவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவைப்படலாம்.

ஐந்தாம் படி: வெளியூர் போய் உள்ளூரைக் கண்டுபிடிப்பது

பொதுவான ஒரு குழுவில் நம்மவர் ஒருவர் இருவரே இருப்பார்கள், அவர்களும் வாய் திறக்க வருஷமாகும். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது குயர் மக்களே நடத்தும் கூட்டத்துக்குப் போய் வாருங்கள். பெங்களூரில் 'குட் ஆஸ் யூ' என்ற ஆதரவுக் குழு 1994இல் தொடங்கியது. சென்னையில் 'ஓரினம்' கூட்டமைப்பு தமிழிலும் தகவல் தருகிறது. சென்னை வானவில் பேரணி 2009 முதல் ஜூன் மாதத்தில் நடக்கிறது, பெங்களூருப் பேரணி 2008இல் தொடங்கியது. பேரணி பயமாக இருந்தால் அதையொட்டி நடக்கும் திரையிடலுக்கோ புத்தக நிகழ்ச்சிக்கோ போங்கள். தருமபுரியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பெங்களூருக்கு ரயில் உண்டு. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை, பஸ்தான். ஓசூர்க்காரருக்கு நாற்பது கிலோமீட்டர், காலையில் போய் மாலையில் திரும்பலாம்.

அங்கே போனதும் "எந்த ஊர்?" என்று கேளுங்கள். நான் முதல் முறை போன கூட்டத்தில் பக்கத்தில் இருந்தவர் பென்னாகரம். இருவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். வழி நெடுக களியும் கீரையும் பற்றிப் பேசினோம், வேறு எதைப் பற்றியும் இல்லை. எனக்கு அந்தப் பயணம் போதுமானதாக இருந்தது. இப்படிக் கிடைக்கும் ஒருவரை உங்கள் ஏரிக்கோ கல் தேடும் குழுவுக்கோ அழைத்து வாருங்கள். உள்ளூரில் அது இரண்டு நண்பர்கள் பறவை பார்ப்பது, அவ்வளவுதான்.

ஆறாம் படி: நம்மவர்களுக்கென்று ஒரு சின்னக் குழு

நாலு பேர் சேர்ந்ததும் குழு. பத்துப் பேரைத் தாண்ட விடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவுக்குப் பொழுதுபோக்கின் பெயரையே வையுங்கள், முகப்பில் ஏரிப் படமோ கல் படமோ இருக்கட்டும். மெசேஜ் தானாக அழியும் வசதியைப் போட்டுவிடுங்கள். புதியவர் ஒருவரைச் சேர்க்குமுன் குழுவில் இருவர் அவரைப் பகலில் நேரில் பார்த்திருக்க வேண்டும். யாருடைய படமும் கேட்காமல் வெளியே போகக் கூடாது. இந்த மூன்று விதியையும் நாங்கள் இதுவரை மீறியதில்லை.

நான்காவது விதி எங்களுக்குள்ளேயே சண்டை வந்து எழுதியது. 2012 நவம்பரில் ஒரு கலப்புத் திருமணத்தின் பேரில் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் தலித் மக்களின் வீடுகளை எரித்த மாவட்டம் இது. அந்த நெருப்பு நம்மவர் கூட்டத்துக்குள் வராது என்று நினைத்தோம். மூன்றாவது பயணத்திலேயே ஒருவர் இன்னொருவரிடம், பேச்சோடு பேச்சாக, "நீங்க எந்த ஆளுங்க?" என்று கேட்டார். கேட்கப்பட்டவர் பதில் சொல்லவில்லை, அடுத்த முறை வரவும் இல்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவர எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது. அதிலிருந்து யாரும் யாரிடமும் சாதி கேட்கக் கூடாது, சாப்பாட்டை ஒரே பாத்திரத்தில் போட்டுச் சாப்பிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அதே கண்டிப்போடு, திருநங்கையரையும் திருநம்பியரையும் 'பார்த்தா தெரிஞ்சிடும்' என்று தள்ளி வைக்கிற பழக்கத்தையும் நிறுத்தினோம். வெளியே தெரியாமல் வாழ முடிகிற எங்களைக் காக்க, முடியாதவர்களை விட்டுவிட்டுப் போவது எங்களுக்கு அடுக்காது.

ஏழாம் படி: அண்ணா என்ற சொல்லைத் தாண்டுவது

நம் ஊரில் இரண்டாவது சந்திப்பிலேயே எதிரில் இருப்பவர் அண்ணாவாகவோ தம்பியாகவோ அக்காவாகவோ ஆகிவிடுவார். அன்பின் சொல்தான், ஆனால் அது ஒரு வேலியும் போடுகிறது. என்னைவிட மூன்று வயது மூத்த ஒருவரை ஐந்து மாதம் "அண்ணா" என்றே கூப்பிட்டேன். ராயக்கோட்டைக் கோட்டை ஏறி இறங்கிய ஒரு நாள், டீக்கடையில் அவர் சொன்னார்: "அண்ணான்னு வேணாமே. பேர் சொல்லிக் கூப்பிடுங்க." டீ தீர்வதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நான் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரித் தடுமாறித்தான் சொன்னேன்.

உங்களுக்கு ஒருவர் மேல் மனம் போனால் இந்தச் சொல்லிலிருந்து தொடங்கலாம். உறவுமுறையை விட்டுப் பெயருக்கு வருவது சின்ன மாற்றம். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாக்கியத்திலேயே மறுபடி "தம்பி" என்று உங்களைக் கூப்பிடுவார். அதுவே பதில், அதை மதித்துப் பழையபடி இருங்கள். பிடித்த மாதிரித் தெரிந்தால் நேராகக் கேளுங்கள். "உங்களோட இருக்கறது எனக்கு வேற மாதிரி பிடிச்சிருக்கு. உங்களுக்கு இல்லன்னா சொல்லிடுங்க, பறவை பாக்க வழக்கம்போல வருவேன்." இரண்டாவது வாக்கியம் மிக முக்கியம், சொன்னபடி நடப்பது அதைவிட முக்கியம். மறுத்தவர் அந்தக் குழுவைவிட்டு ஓட வேண்டிய நிலையை உண்டாக்கினால், நீங்கள் ஒருவரின் காதலை மட்டும் கேட்கவில்லை, அவருடைய ஒரே வெளி வாசலையும் அடைத்துவிட்டீர்கள். மறுக்கப்பட்டவர் நீங்களாக இருந்தால் ஒரு மாதம் வேறு ஏரிக்குப் போங்கள். பிறகு திரும்பி வாருங்கள், இடம் இருக்கும்.

கல்யாணம் ஆனவரிடமோ, நிச்சயதார்த்தம் ஆகப் போகிறவரிடமோ காதல் சொல்லும்போது, அந்த வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். நான் அந்த வழியில் போகவில்லை. போனவர்கள் யாரும் நிம்மதியாக இருந்து நான் பார்க்கவில்லை.

எட்டாம் படி: பாதுகாப்பு

ஆப்பில் கிடைத்தவரை நேரில் பார்ப்பதென்றால் முதல் சந்திப்பு உங்கள் பொழுதுபோக்கு நடக்கும் இடத்திலேயே, பகலில், குழு பக்கத்தில் இருக்கும்போது நடக்கட்டும். "ஞாயிறு ஏழு மணிக்கு ஏரிக்கு வாங்க" என்றால் மிரட்டிப் பணம் பறிக்க நினைப்பவர் வரமாட்டார். அணைக்கட்டின் பின்பக்கம், பைபாஸ் ஓரம், குன்றின் மேல் தனியாக என்று அழைப்பவரைத் தவிர்த்துவிடுங்கள். பைக்கில் ஏற்றிப்போய் இரண்டு மூன்று பேராகச் சூழ்ந்து, போனைப் பிடுங்கி, வீட்டுக்குச் சொல்வோம் என்று மிரட்டுவது இவர்களின் வழக்கம். எனக்கு நடந்தது. அன்றைக்கு இருந்ததையெல்லாம் கொடுத்தேன், மறுவாரம் மறுபடி கேட்டார்கள். ஒரு முறை கொடுத்தால் நிற்காது.

மிரட்டல் வந்தால் மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவில் குற்றம். ஆன்லைன் மோசடிக்கும் மிரட்டலுக்கும் 1930, அவசரத்துக்கு 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100. போலீஸிடம் போகத் தயங்குவீர்கள் என்று தெரியும். பால்புதுமையினரையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதியிலேயே 2022இல் சேர்த்திருக்கிறார்கள். தனியாகப் போகாமல் வழக்கறிஞரையோ ஓர் அமைப்பையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு பக்கம் யானைகள் நடமாடும், பனிக்காலத்தில் கூட்டமாகவே வரும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றமும்கூட. தனிமை வேண்டும் என்று அங்கே போய் உயிரை விட வேண்டாம். ஒகேனக்கலில் பாசி படிந்த பாறைக்கும் இதே எச்சரிக்கை.

ஒன்பதாம் படி: வீட்டுக்கு அழைத்து வருவது

வெளியே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, யாரும் அவசரப்படுத்த முடியாது. சொந்தச் சம்பாத்தியம், தங்க இன்னோர் இடம் இரண்டும் இல்லாமல் சொல்லாதீர்கள் என்பது என் கருத்து. வைத்தியம் பார்த்து 'மாற்றிவிடலாம்' என்று வீட்டார் அழைத்துப் போனால், அப்படிச் செய்வது மருத்துவ நெறிமீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். மனம் தாங்காத இரவுகளில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சொல்லாமலே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. குழுவில் இருப்பவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து வாருங்கள். முதலில் இருவராக, பிறகு நால்வராக. அம்மாவுக்கு அவர்கள் "பறவை பாக்கிற பசங்க" ஆனார்கள். யாருக்குச் சர்க்கரை, யார் காரம் தின்ன மாட்டார் என்று அவருக்குத் தெரியும். என் துணைவரை மட்டும் தனியாக அழைத்து வரவில்லை, எட்டு மாதம் கூட்டத்தோடுதான் வந்தார். போன தை மாதம் கணக்கெடுப்புக்கு இருவரும் கிளம்பியபோது அம்மா எழுந்து வந்தார். வழக்கமான கேள்வி இல்லை. தூக்குப்போணியில் புளிச்சோறு, இலையில் சுற்றி இரண்டு பங்கு வறுத்த நிலக்கடலை. "அவனுக்கு வெறும் வயித்துல டீ ஒத்துக்காது, போற வழியில இத மொதல்ல குடுத்துடு" என்றார்.